சூரியனைக் கண்டிருந்த எவர்ஷெட் துரை

பழனிப் பதிக்கு யாத்திரை செல்லும் நம்மவர், காவடி இறக்கி ஆண்டவனைத் தரிசித்துப் படியிறங்குமுன், ஒரு கணம் தெற்கே திரும்பிப் பார்ப்பது வழக்கம். அங்கே நீலச் சுவர்போல நிமிர்ந்து நிற்பது பழனிமலைத் தொடர். மேகந் தவழும் அம்முகடுகளுக்கப்பால், தென்புறத்து விளிம்பை ஒட்டிக் கோடைக்கானல் இருக்கிறதென்பதும், வெயிலுக்கு அஞ்சிய கனவான்கள் ஆண்டுதோறும் அங்கே சென்று தங்குவரென்பதும் யாவரும் அறிந்ததே. ஆனால் வெயிலுக்கு அஞ்சாமல் வெயிலையே நாடிச் சென்று, கதிரவன் முகத்தை நாள்தோறும் உற்றுநோக்கிப் பதினாறு ஆண்டுகள் அம்மலைமேல் வாழ்ந்த ஒரு பெரியாரை நம்மில் அறிந்தவர் சிலரே. வானநூல் கற்கும் உலகத்து மாணவர் அனைவரும் தம் பாடநூலில் அவர் பெயரைப் படிக்கின்றனர். அவர்தாம் ஜான் எவர்ஷெட் துரை.

அன்னியர் ஒருவரின் சரிதத்தை நாம் எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நம் வீட்டுப் பிள்ளையொருவன் பெரியவர்கள் முன்வந்து நின்று, இன்ன துறையில் என் ஆயுளைச் செலுத்தப் போகிறேனென்று சொல்வானாயின், நாம் அவனைக் கேட்கும் முதற் கேள்வி, அதன் பலன் எத்தனை நாளில் கைக்கு வருமென்பதே. கேட்பது தவறன்று, பிள்ளை பசித்திருக்கலாகாது என்ற பரிவினால் கேட்கிறோம். எவர்ஷெட் துரையின் வாழ்க்கையோ அந்தக் கேள்விக்கு எளிதில் அகப்படாத ஒரு வாழ்க்கை. அதனாலேயே அதனைச் சற்று விரிவாகச் சொல்லத் துணிந்தோம்.

அவர் வந்து சேர்ந்த ஆராய்ச்சி நிலையம் தோன்றிய கதை, நம் நாட்டார் வயிற்றோடு தொடர்புடையது. 1876-ம் ஆண்டு தொடங்கிச் சென்னை இராஜதானியை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றி நம் குடும்பங்களில் பாட்டிமார் வழிவழியாகச் சொல்லிவந்த செய்திகள் பல. மழை பொய்த்தது, மக்கள் இலட்சக்கணக்கில் மாண்டனர், கஞ்சித்தொட்டியைத் தேடி ஊர் ஊராய் நடந்தவர்கள் வழியிலேயே வீழ்ந்தனர். அக்காலத்தில் அறிஞரிடையே ஒரு கருத்து பரவியிருந்தது. சூரியன் முகத்திலே கரும்புள்ளிகள் தோன்றி மறைகின்றன. ஏறக்குறையப் பதினோராண்டுக்கு ஒருமுறை அவை பெருகிக் குறைகின்றன. இதனை ஜெர்மானியராகிய ஷ்வாபே 1843-ம் ஆண்டு எடுத்துக் காட்டியிருந்தார். புள்ளிகள் குறையுங் காலத்தில் மழையும் குறைகின்றதோ, அங்ஙனமாயின் பஞ்சத்தை முன்கூட்டியே அறிந்து மக்களைக் காக்கலாகாதோ என்று லாக்யர், ஹண்டர் என்னும் இருவர் 1877-ல் எழுதினர். சூரியனை இடைவிடாது நோக்குதற்கு இந்தியாவில் ஓரிடம் வேண்டுமென்ற எண்ணம் இவ்வாறு வலுப்பெற்றது. சென்னை நக்ஷத்திர சாலையின் தலைவராயிருந்த பாக்சன், தென்னாட்டு மலையொன்றின்மேல் தொலைநோக்கி அமைக்கவேண்டுமென 1882-ல் கேட்டார்.

அவ்விடத்தைத் தேடி மலை ஏறியவர் மிச்சி ஸ்மித் என்னும் ஸ்காத்லாந்து நாட்டார். சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் பௌதிக ஆசிரியராயிருந்த அவர், பழனிமலையையும் நீலகிரியையும் சோதித்துப் பார்த்து, கோடைக்கானலே ஏற்றதென்று கண்டார். 1891-ல் பாக்சன் காலமாக, அவர் இடத்துக்கு இவரே வந்தார். 1895-ல் கவர்னர் வென்லாக் பிரபு அடிக்கல் நாட்டினார். 1899-ல் சென்னையிலிருந்த வேலையிற் பெரும்பகுதி மலைக்கு மாற்றப்பட்டது. கடல் மட்டத்துக்கு மேல் 2,343 மீட்டர் உயரத்தில், ஊருக்குச் சற்று விலகி நிற்கும் அக்குன்றின் மேல் கூண்டு கட்டித் தொலைநோக்கி வைத்தவர் மிச்சி ஸ்மித்தே. 1911-ல் உத்தியோகத்தினின்று விலகிய பின்னும் அவர் சீமைக்குத் திரும்பினாரில்லை. தாம் தெரிந்தெடுத்த மலையிலேயே தங்கி, 1922-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் அங்கேயே உயிர் நீத்தார். அவர் ஒரு வகை. நாம் சொல்லவந்த எவர்ஷெட் மற்றொரு வகை. இரண்டையும் ஒருங்கே வைத்துப் பார்ப்பது நலம்.

எவர்ஷெட் 1864-ம் ஆண்டு பிப்ரவரி 26-ந் தேதி இங்கிலாந்து தேசத்து ஸர்ரே மாகாணத்தில் கோம்ஷால் என்னும் சிற்றூரிற் பிறந்தார். பிள்ளைகள் பலருள்ள குடும்பம். தமையனாரொருவர் மின்சாரக் கருவிகள் செய்து புகழ்பெற்ற ஸிட்னி எவர்ஷெட். நம் ஜானோ பெரிய கலாசாலை எதிலும் வானநூல் கற்றவரல்லர். இலண்டன் நகரத்துத் தொழில் நிலையமொன்றில் இரசாயன சம்பந்தமான வேலை பார்த்துச் சீவனம் செய்தார். பகலெல்லாம் அவ்வேலை. விடுமுறை நாளும் விடியற்காலையும் சூரியனுக்கு உரியவை. 1890-ல் கென்லி என்னும் ஊரில் தம் வீட்டிலேயே ஒரு சிறு நோக்குசாலை அமைத்துக்கொண்டார். அவ்வாண்டே பிரிட்டிஷ் வானநூற் சங்கம் தோன்றியபோது அதனைத் தொடங்கினோருள் ஒருவரானார். ரான்யார்டு என்னும் நண்பர் 1894-ல் இறக்கும்போது தம்முடைய 18 அங்குலக் கண்ணாடித் தொலைநோக்கியை இவருக்கே விட்டுச் சென்றார். உத்தியோகப் பெயர் ஒன்றுமில்லாத ஒருவரை நம்பி அத்தகைய பொருளை ஒப்படைத்தாரென்றால், அவருடைய உழைப்பை உடனிருந்தார் எவ்வாறு மதித்தனரென்பது விளங்கும்.

அக்காலத்துச் சூரிய ஆராய்ச்சிக்கு முழுக் கிரகணமே பெருவாய்ப்பு. அதற்காகக் கைப்பொருள் செலவழித்துக் கடல் கடந்து போகவேண்டும். போனாலும் காண்பது சில நிமிஷமே. 1896-ல் எவர்ஷெட் நார்வே தேசத்தின் வடகோடி வரை சென்றார். மேகம் மூடிற்று. 1898-ல் நம் தேசத்துக்கே வந்து, இப்பொழுது மகாராஷ்டிரத்திலுள்ள தால்னி என்னுமிடத்தில் நின்றார். அன்று வானம் தெளிந்திருந்தது. சூரியனின் விளிம்பொளியை நிறமாலையாகப் பிரித்து அவர் எடுத்த படங்கள் அறிஞரால் போற்றப்பட்டன. 1900-ல் ஆப்பிரிக்காவின் வடபகுதியாகிய அல்ஜீரியாவுக்குச் சென்றார். விளிம்பொளி நீண்டநேரம் தெரியவேண்டுமென்று கருதி, முழுநிழல் விழும் எல்லையின் ஓரத்தை நாடி நின்றார். நிழலோ அவர் நின்ற இடத்தைச் சிறிதே விலகிப் போய்விட்டது. நம் ஊர்க் குடியானவன் மழையை நம்பி விதைப்பது போலவே இதுவும். மூன்று விதைப்பில் ஒன்று விளைந்தது. இவ்வளவுக்கும் அவருக்கு ஒருவரும் சம்பளம் கொடுக்கவில்லை.

நார்வேயில் மேகம் மூடிய அந்த யாத்திரையில் கைக்குக் கிடைத்த பேறு ஒன்று உண்டு. அங்கே வந்திருந்த மேரி ஆர் என்னும் பெருமாட்டியை அவர் கண்டது அப்பொழுதுதான். அப்பெருமாட்டி 1867-ல் பிறந்தவர். இத்தாலி தேசத்துப் பிளாரென்ஸ் நகரில் தங்கித் தாந்தே என்னும் மகாகவியின் நூலில் ஈடுபட்டவர். ஆஸ்திரேலியாவில் சில ஆண்டுகள் வாழ்ந்து, தென்னாட்டு வானத்து நக்ஷத்திரங்களை எளியோரும் அறிந்துகொள்ளும்படி ஒரு கைந்நூல் எழுதியவர். கண்டு பத்தாண்டு கழித்து, 1906-ம் ஆண்டு செப்டம்பரில், இருவரும் மணம் புரிந்துகொண்டனர். மணமகனுக்கு வயது 42, மணமகளுக்கு 39. அவ்வாண்டிலேதான் கோடைக்கானலில் உதவித் தலைவர் பதவியை ஏற்கும்படி அழைப்பு வந்தது.

இங்கே நாம் சற்று நின்று யோசிக்கவேண்டும். நாற்பத்திரண்டு வயதென்பது நம்மில் பலர் மகளுக்கு மாப்பிள்ளை தேடத் தொடங்கும் வயது. பழகிய தொழிலும், கட்டிய வீடும், கூடிய நண்பரும் ஓரிடத்திலிருக்க, அவற்றை விட்டு ஆறாயிரம் மைலுக்கு அப்பால், ரெயில் வண்டியும் ஏறமாட்டாத ஒரு மலைமுகட்டுக்கு, அதுவும் இரண்டாம் ஸ்தானத்துக்கு, எவர் போவார்? புத்தியுள்ள மைத்துனர் எவரேனும் அவருக்கு இருந்திருப்பாராயின் தடுத்தே இருப்பார். ஆயினும் இதைத் திடீரென்று பாய்ந்த பாய்ச்சலென்று சொல்வது பொருந்தாது. கென்லி வீட்டில் பதினாறு ஆண்டு அவர் திருட்டு நேரத்தில் செய்துவந்த வேலை அது; நேரம் முழுவதையும் அதற்கே கொடுக்கலாமென்று ஓர் இடம் சொல்லிற்று; அவர் சென்றார். துணிவு 1906-ல் பிறந்ததன்று. அது 1890-லேயே பிறந்து, யாரும் பாராதபடி வளர்ந்துகொண்டிருந்தது.

புதுமணத் தம்பதிகள் நேர்வழியே வரவில்லை. அமெரிக்காவுக்குச் சென்று, வில்ஸன் மலையில் ஹேல் என்னும் பேரறிஞர் அமைத்திருந்த சூரிய நோக்குசாலையைக் கண்டு, ஜப்பான் வழியாக 1907-ம் ஆண்டு ஜனவரியில் கோடைக்கானலை அடைந்தனர். இப்பொழுது பஸ்ஸில் ஏறி மூன்று மணியில் மலைமேல் இறங்கும் நம் இளைஞர்களுக்கு அக்காலத்து வழி தெரியாது. அம்மையநாயக்கனூரில் ரெயிலை விட்டிறங்கி, மாட்டுவண்டியில் மலையடிவாரத்துக் கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பு வரை வந்து, அங்கிருந்து பன்னிரண்டு மைல் செங்குத்தாய் ஏறவேண்டும். சிலர் மட்டக்குதிரையில் ஏறுவர், சிலரை ஆட்கள் நாற்காலியில் தூக்குவர், மற்றையோர் நடப்பர். மோட்டார் செல்லும் மலைப்பாதை 1914-லேதான் திறந்தது. அதற்கு முன்னே மேலே சென்ற ஒவ்வொரு கண்ணாடியும் இரும்பும், கூலியாளின் தலையும் தோளும் தாங்கிச் சென்றதே. அவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை.

மலைமேல் வேலை எப்படி நடந்ததென்பதைச் சொல்லவேண்டும். ஏனெனில் இவருடைய வாழ்க்கையின் சாரம் அவ்வேலையிலேதான் இருக்கிறது. கோடைக்கானலில் உதயமான பின் ஒன்றிரண்டு மணி நேரம் காற்று அசைவற்றிருக்கும். வெயில் ஏறியவுடன் தரை சூடாகிக் காற்று நடுங்கத் தொடங்கும். சூரிய பிம்பமும் கொதிக்கும் நீரிலே கண்ட நிழல்போல் துடிக்கும். பிற்பகலிலோ பெரும்பாலும் மேகம். ஆகவே அந்த இளங்காலைப் பொழுதே முதல். அதைத் தவறவிட்டால் அன்றைய நாள் போயிற்று.

1904 முதலாகவே அங்கே நாள்தோறும் சூரியனைப் புகைப்படம் எடுத்துவந்தனர். அதே ஆண்டு இங்கிலாந்திலிருந்து ஒரு புதுக் கருவியும் வந்திருந்தது. சூரியவொளி முழுவதையும் விலக்கி, கால்சியமென்னும் சுண்ணச் சத்தின் ஆவி விடுகின்ற ஒரேயொரு நிறத்தினால் மட்டும் படம் பிடிப்பது அது. ஒரு மெல்லிய பிளவு சூரிய பிம்பத்தின்மேல் ஒரு புறத்திலிருந்து மறுபுறம் வரை நகர்ந்துசெல்லும். தறியில் ஊடை இழை ஒவ்வொன்றாய் ஏறி ஆடையாவது போல, கோடு கோடாய்ச் சேர்ந்து படம் முழுமையாகும். வெறும் படத்தில் காணாத தீச்சுடர்களும் ஒளித்திட்டுகளும் அதில் தோன்றும். வந்த கருவியைச் செம்மைப்படுத்தியதோடு நில்லாது, ஹைட்ரஜன் ஆவியின் செந்நிறத்தில் படமெடுக்கும் இரண்டாவது கருவியொன்றை எவர்ஷெட் மலைமேலிருந்தே அமைத்து 1911-ல் அதனோடு பொருத்தினார். திருகாணி ஒன்று உடைந்தாலும் கீழ்நாட்டிலிருந்து வர வாரக்கணக்காகும் இடத்திலே, ஆராய்ச்சியாளரே கொல்லனாகவும் தச்சனாகவும் இருக்கவேண்டியதாயிற்று. பல்கலைக்கழகத்துப் படிப்பினும் பட்டறைப் பழக்கமே அங்கே அவருக்குப் பெரிதும் உதவிற்றென்று நாம் எண்ணுகிறோம்.

அவர் பெயரை நிலைநாட்டிய செயல் 1909-ம் ஆண்டு ஜனவரி 5-ந் தேதி நிகழ்ந்தது. அதனை விளங்கிக்கொள்ள ஒரு சிறு விஷயம் தெரிந்திருக்கவேண்டும். ஸ்டேஷனில் நிற்கும் நம்மை நோக்கி ரெயில் ஊதிக்கொண்டு வரும்போது அவ்வொலி உச்சமாயும், நம்மைக் கடந்து போகும்போது தணிந்தும் கேட்பதை அனைவரும் அறிவோம். ஒளியும் இத்தகையதே. நம்மை நோக்கி வரும் பொருளின் ஒளியிலுள்ள கோடுகள் நிறமாலையில் ஊதாப்புறம் சிறிது நகரும். விலகிப் போகும் பொருளின் கோடுகள் சிவப்புப்புறம் நகரும். அந்நகர்ச்சியை அளந்தால், எட்டாத தூரத்துப் பொருளின் ஓட்டமும் கணக்கிற்கு அகப்படும்.

முந்தின ஆண்டாகிய 1908-ல் அமெரிக்காவிலே ஹேல், சூரியப் புள்ளிகளில் காந்தசக்தி உண்டென்று கண்டுபிடித்து உலகத்தை வியப்பித்திருந்தார். புள்ளிகள் சூறாவளிபோல் சுழல்வன என்று அவர் உட்படப் பலர் கருதினர். சுழல்வதானால், புள்ளியின் ஒரு பக்கத்து ஆவி நம்மை நோக்கியும் மறுபக்கத்து ஆவி நம்மை விட்டும் ஓடவேண்டும். அன்று காலையில் கோடைக்கானல் வானம் தெளிந்து காற்று அடங்கியிருந்தது. சூரியன் முகத்தில் பெரிய புள்ளிகள் இருந்தன. எவர்ஷெட் அவற்றின்மேல் கருவியின் பிளவை வைத்துத் தகடுகளை எடுத்தார். கோடுகள் உண்மையிலே சாய்ந்திருந்தன. ஆனால் சுழற்சிக்கு வேண்டிய திசையில் அன்று. சூரியனின் நடுவிலிருந்து விளிம்பு நோக்கிப் பிளவை நீளவாட்டில் வைத்தபோது, புள்ளியைச் சூழ்ந்த மங்கல் வளையத்தில் விளிம்புப்புறம் சிவப்பாகவும் நடுப்புறம் ஊதாவாகவும் கோடுகள் விலகின. குறுக்கே வைத்தபோது விலக்கமே இல்லை. அப்படியானால் ஆவி சுழலவில்லை. புள்ளியின் நடுவிலிருந்து நாற்புறமும், மேற்பரப்பை ஒட்டியே, வெளிநோக்கி ஓடுகின்றது. வேகம் நொடிக்குச் சுமார் 2 கிலோமீட்டர். எல்லோரும் ஒன்றை எதிர்பார்த்திருக்க, தகடு வேறொன்றைச் சொல்லிற்று. அவர் தகட்டையே நம்பினார். ஐயத்துக்கு இடமில்லாதபடி மேலும் பல புள்ளிகளைச் சோதித்தபின் வெளியிட்டார். சில ஆண்டுகளில் வில்ஸன் மலையில் ஸெயின்ட் ஜான் என்பார் விரிவாக அளந்து அது மெய்யென்று உறுதி செய்தார். அந்நிகழ்ச்சிக்கு எவர்ஷெட் விளைவென்றே இன்றும் பெயர். அதன் காரணத்தைப் பற்றி நூறாண்டு கடந்தும் ஆராய்ச்சி நடந்துவருகிறது.

கோடைக்கு வந்து இரண்டாண்டுக்குள் இது கிடைத்துவிட்டதே, பலன் விரைவிலேயே வந்துவிட்டதென்று சொல்லத் தோன்றும். கென்லியில் கழிந்த பதினாறு ஆண்டைக் கழித்துப் பார்ப்பவரே அவ்வாறு சொல்வர். ஒரு கோடு மயிரிழையிலும் குறைவாய்ச் சாய்ந்திருப்பதைக் கண்டுகொள்ளும் கண், இரண்டாண்டில் வருவதன்று.

1911-ல் மிச்சி ஸ்மித் விலக, எவர்ஷெட் தலைவரானார். அதன்பின் வந்த பெருமைகளை விரைந்து சொல்லிவிடலாம்: 1915-ல் இராயல் சொஸைட்டியின் அங்கத்தினர், 1918-ல் இராயல் வானநூற் சங்கத்தின் தங்கப் பதக்கம், 1923-ல் ஸர்க்கார் அளித்த ஸி.ஐ.இ. பட்டம். இவற்றைவிட நமக்குச் சுவையாகத் தோன்றுவது அவருடைய காச்மீர யாத்திரை. 1915-ல் அவர் கருவிகளோடு ஸ்ரீநகர் சென்று தற்காலிகமாக ஒரு நோக்குசாலை அமைத்துப் பார்த்தார். அப்பள்ளத்தாக்கின் காற்று கோடையின் காற்றினும் அமைதியாயிருப்பதைக் கண்டு மகிழ்ந்து எழுதவும் செய்தார். ஆயினும் வேலை முடிந்ததும் கோடைக்கே திரும்பினார். நாள்தோறும் எடுத்துவரும் படவரிசை அங்கேயன்றோ இருந்தது? நடுவில் இடம் மாறினால், முந்திய படத்தையும் பிந்திய படத்தையும் ஒப்பிடுவது கடினமாகிவிடும். சிறந்த இடம் வேறு, தொடர்ந்த இடம் வேறு.

தோல்விகளும் இல்லாமலில்லை. ஐன்ஸ்டைன் என்னும் மேதை வெளியிட்ட சித்தாந்தம் மெய்யானால், சூரியவொளியின் கோடுகள் சிறிது சிவப்புப்புறம் நகர்ந்திருக்கவேண்டும். எவர்ஷெட்டும் அவர் உதவியாளரான ராய்ட்ஸும் அந்நகர்ச்சியை அளந்து பல ஆண்டுகள் போராடினர். 1922-ம் ஆண்டு செப்டம்பரில் ஆஸ்திரேலியாவின் மேற்குக் கரையில் வாலல் என்னுமிடத்தில் தோன்றிய முழுக் கிரகணத்தைக் காணத் துரையும் துரைசானியும் கருவிகளைச் சுமந்து சென்றனர். மற்ற நாட்டார் நல்ல படங்களோடு திரும்பினர். இவர் கருவி வேண்டிய சமயத்தில் கைகொடுக்கவில்லை. அதே மாதத்திலேதான் கோடையில் மிச்சி ஸ்மித் காலமானார். பன்னிரண்டாண்டுக்கு ஒருமுறை மலை முழுதும் நீலமாய்ப் பூக்கும் குறிஞ்சியும் அவ்வாண்டே பூத்தது. 1910-லும் 1922-லும் ஆக இரு பூப்புக் காலங்கள் எவர்ஷெட் கோடையிலிருந்த நாட்களில் வந்து சென்றன. மலைவாசிகள் குறிஞ்சியால் ஆண்டை எண்ணுவர். அவரோ சூரியப் புள்ளியால் எண்ணினார். இரண்டும் அவசரக்காரருக்கு உதவாத கணக்குகள்.

அப்பெருமாட்டியைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. நிலையத்தின் சம்பள ஏட்டில் அவர் பெயர் கிடையாது. ஆயினும் சூரிய விளிம்பில் எழும் தீச்சுடர்களைப் பற்றி அவரே தனித்தும் எழுதினார். கணவரோடு சேர்ந்து, பல ஆண்டுச் சுடர்களை ஆராய்ந்த பெருநூலொன்றை 1917-ல் வெளியிட்டார். கோடைக்கானலில் இருந்துகொண்டே, தாந்தே அறிந்திருந்த வானநூலைப் பற்றிய ஆராய்ச்சி நூலை எழுதி முடித்து 1914-ல் அச்சேற்றினார். நூலகங்கள் நிறைந்த நகரங்களை விட்டு மலைக்கு வந்த பின்னர் இதனைச் செய்தாரென்பது கருதத்தக்கது. ஆடவர் எடுக்கும் பெரிய முடிவுகளின் பாரத்தில் சரிபாதி வீட்டு மாதரின் தோளில் ஏறுகிறது. நம் சங்கத்து மேடைகளில் இவ்வுண்மை அரிதாகவே கேட்கப்படுகிறது.

உண்மையை மறைக்காமல் சொல்வதாயின் மற்றொன்றும் சொல்லவேண்டும். 1906-ல் இத்தகைய அழைப்பு நம் நாட்டார் ஒருவருக்கு வந்திருக்குமா என்றால், வந்திராது. நிலையத்தில் விடியற்காலையில் எழுந்து கூண்டைத் திறந்து, தகடு மாற்றி, அளந்து, கணக்கிட்டு, ஏட்டில் எழுதிய உதவியாளர்களிற் பெரும்பாலோர் நம்மவரே. தலைமை மட்டும் கடல் கடந்து வந்தது. 1937-லேதான் ஏ. எல். நாராயண் என்பார் அந்நிலையத்தின் முதல் இந்தியத் தலைவராக அமர்ந்தார். எவர்ஷெட்டின் துணிவை நாம் போற்றுகிறோம். ஆனால் துணிவதற்கு அவருக்கு ஒரு கதவு திறந்திருந்தது, நம் இளைஞர்க்கு அது நெடுநாள் சாத்தியிருந்ததென்பதையும் மறக்கலாகாது.

இனி, எந்தக் கேள்விக்காக அந்நிலையம் தோன்றிற்றோ அக்கேள்வி என்னவாயிற்று? மழைக்கும் சூரியப் புள்ளிக்கும் உள்ள தொடர்பு நம்பத்தக்க அளவில் இல்லையென்று, அக்காலத்தில் இந்திய வானிலைத் துறையின் தலைவராயிருந்த கில்பர்ட் வாக்கர் கணக்கிட்டுக் காட்டினார். பருவமழையின் ஏற்றத்தாழ்வுக்கும் தூரத்துப் பெருங்கடல்களின்மேல் காற்றழுத்தம் ஊஞ்சல்போல் மாறுவதற்கும் தொடர்புண்டென்று கண்டவரும் அவரே. தாது வருஷத்தில் நம் வயல்களைக் காயவைத்ததில் பசிபிக் சமுத்திரத்து நீர் வழக்கத்துக்கு மீறிச் சூடேறியதற்குப் பெரும்பங்கு உண்டென்று இக்காலத்து அறிஞர் கூறுகின்றனர். ஆகவே பஞ்சத்தைத் தடுக்கக் கட்டிய கூண்டிலிருந்து பஞ்சத்துக்கு விடை வரவில்லை. வந்தது வேறு. சூரியனின் காந்தத் தன்மையையும் அதன் நெடுங்கால மாறுதலையும் அறிய விரும்புவோர்க்கு, 1904 தொடங்கி எடுத்த கோடைப் படங்களைப்போல நீண்ட வரிசை உலகிலேயே மிகச் சிலவே உள்ளன. கண்ணாடித் தகடுகளாயிருந்த அவற்றை இப்பொழுது கணினியில் ஏற்றியிருக்கின்றனர். எந்தத் தகட்டை எடுத்தவரும் அதனை நூறாண்டு கழித்து யார் பார்ப்பாரென்று அறிந்து எடுத்ததில்லை.

1923-ல் எவர்ஷெட் ஓய்வுபெற்றார். அப்பொழுது வயது 59. மிச்சி ஸ்மித்தைப்போல் அவர் மலையிலேயே தங்கவில்லை. மனைவியுடன் சொந்த நாட்டுக்குத் திரும்பினார். இதனைக் கேட்கும் நம் வாசகருள் சிலர், கடைசிவரை நின்றவரே மேலானவர், இவர் பாதியில் விட்டார் என்று நினைக்கலாம். நாமும் முதலில் அவ்வாறே நினைத்தோம். ஆனால் ஸர்ரேக்குத் திரும்பியவர் செய்ததைப் பாருங்கள். யூஹர்ஸ்டு என்னும் கிராமத்தில் வீடு கொண்டு, அங்கே தம் செலவில் மறுபடியும் ஒரு சூரிய நோக்குசாலை அமைத்தார். கண்ணாடிப் பட்டகத்துக்குப் பதிலாகத் திரவம் நிரப்பிய பட்டகங்களைத் தாமே செய்து, ஒளியை முன்னினும் நுட்பமாய்ப் பிரித்து அளந்தார். சம்பளம் இல்லை, மேலதிகாரி இல்லை, அறிக்கை கேட்பாரில்லை. கென்லி வீட்டில் இருபத்தாறு வயதில் எப்படி இருந்தாரோ, அப்படியே அறுபதிலும் எழுபதிலும் எண்பதிலும் இருந்தார். சூரியனோடு அவர் கழித்த அறுபதுக்கு மேற்பட்ட ஆண்டுகளில், கூலி பெற்றவை பதினாறே. மிச்சி ஸ்மித் ஒரு மலைக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தார். எவர்ஷெட் ஒப்புக்கொடுத்தது மலைக்கன்று. அவர் தொழுத பொருள் எந்த ஊரிலும் உதித்தது.

மேரி அம்மையார் 1949-ம் ஆண்டு அக்டோபரில் காலஞ்சென்றார். எவர்ஷெட் 1956-ம் ஆண்டு நவம்பர் 17-ந் தேதி, தம் 92-வது வயதில், யூஹர்ஸ்டிலேயே காலமானார். 2008-ம் ஆண்டு டிசம்பரில் எவர்ஷெட் விளைவின் நூற்றாண்டு நினைவாக இந்திய அஞ்சல் துறை ஒரு தபால்தலை வெளியிட்டது. 1971 முதல் இந்திய வானியற்பியல் நிறுவனத்தைச் சேர்ந்துள்ள கோடை நிலையத்தில் புதிய கருவிகள் வந்துவிட்டன. 2023-ம் ஆண்டு செப்டம்பரில் நம் தேசம் சூரியனை நோக்கி அனுப்பிய ஆதித்யா விண்கலத்தின் பெருங்கருவியைச் சமைத்தவரும் அந்நிறுவனத்தாரே. வானம் தெளிந்த காலைகளில், பழனி ஆண்டவர் சந்நிதியில் விளாபூசை நடக்கும் வேளையிலே, மலைக்கு அப்புறம் கூண்டைத் திறந்து அன்றைய சூரியனைப் படமெடுக்கும் வழக்கம் இன்னும் நின்றுபோகவில்லை.